குவாரி மூடும்போது ஓடையும் வரத்துக்காலும்: செட்டிநாட்டுக் கண்மாய்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கம்புணரி, திருப்பத்தூர், காரைக்குடி, திருமயம் பக்கத்து ஊர்களில் கல்குவாரியும் கிராவல் குவாரியும் பழகிய காட்சி ஆகிவிட்டன. குத்தகைக் காலம் முடியும் தறுவாயில்தான் ஊரில் பேச்சு எழும்: குழி என்னாகும், ஓடை என்னாகும், அடுத்த மழைக்குக் கண்மாய் பெருகுமா? அப்படிக் கேட்கப்படும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். நிலக்கரிச் சுரங்கங்களை மூடுவதற்கு எழுதப்பட்ட சட்டங்களையும் நடுநடுவே தொட்டுக்கொள்கிறேன். அதற்குக் காரணம் முதல் பதிலில் இருக்கிறது.

நம்ம பக்கம் நிலக்கரியே கிடையாதே. அந்தச் சட்டமெல்லாம் நமக்கு எதுக்கு?

தோண்டின நிலத்தை மூடும்போது தண்ணீரையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று விளக்கமாக எழுதப்பட்ட சட்டங்களில் முக்கியமானது நிலக்கரிக்காக எழுதப்பட்டது. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவின் பஃபலோ கிரீக் பள்ளத்தாக்கில் 1972 பிப்ரவரியில் சுரங்கக் கழிவால் கட்டிய அணை உடைந்து 125 பேர் இறந்தார்கள். அதைப் போன்ற அழிவுகளைப் பார்த்த பிறகு, 1977 ஆகஸ்டில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கக் கட்டுப்பாடு மற்றும் நிலமீட்புச் சட்டம் வந்தது. ஓடை, கிணறு, குடியானவனின் தண்ணீர் உரிமை மூன்றையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

நமக்கும் இது அவ்வளவு தூரம் இல்லை. நெய்வேலியில் 1950களில் பணி தொடங்கிய சுரங்கத்திலிருந்து பழுப்பு நிலக்கரி எடுக்கிறார்கள். 2023இல் ஒரத்தநாடு பக்கம் வடசேரியையும் சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி ஆகியவற்றையும் நிலக்கரி ஏலப் பட்டியலில் சேர்த்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அந்த ஏப்ரலிலேயே நீக்கினார்கள். வடசேரியிலிருந்து புதுக்கோட்டை எல்லை கூப்பிடு தூரம்தான். நிலக்கரியின் உறவுக்காரக் கனிமமான கிராபைட்டைச் சிவகங்கை பக்கத்திலேயே திறந்தவெளியில் வெட்டுகிறார்கள். கல்லோ கரியோ, மழைத்தண்ணீர் போகிற வழியில் பள்ளம் தோண்டினால் நடப்பது ஒன்றுதான்.

குழி ஒரு மூலையில் இருக்கு, கண்மாய் ஒரு மூலையில் இருக்கு. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?

நம் கண்மாய்கள் தனித்தனிக் குளங்கள் அல்ல. மேல் கண்மாயின் கலுங்கு (மிகுநீர் வெளியேறும் கல்கட்டு) வழிந்தால்தான் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. மணிமுத்தாறு, பாலாறு, தேனாறு, விருசுழியாறு என்று பெயர் இருந்தாலும் இவை வருடம் முழுக்க ஓடும் ஆறுகள் இல்லை. ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிச் சில நாட்களில் கொட்டித் தீர்க்கும். அந்தச் சில நாட்களில் சரளைமேட்டில் விழுந்த தண்ணீர் ஓடைக்கு இறங்கி, கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் வழியாக, நீர் தேங்கும் உள்வாய்க்கு வந்து சேர வேண்டும். அந்தச் சரளைமேட்டில்தான் குவாரி உட்காருகிறது.

கெடுதல் நான்கு வழியில் வரும். மேட்டில் விழும் மழை ஓடைக்கு வராமல் குழிக்குள் இறங்கிவிடும். தோண்டிய மேல்மண்ணைக் குவித்த மேடு கரைந்து வரத்துக்காலைத் தூர்க்கும். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே குழி போனால், மோட்டார் வைத்து இறைக்க இறைக்கச் சுற்றுவட்டக் கிணறுகள் உள்வாங்கும். நான்காவது, கல்லை உடைக்கும் கிரஷரின் தூசி. இதைத்தான் ஊரில் சரியாகக் கவனிப்பதில்லை.

ஒரு வரத்துக்காலின் படுகையை மண்வெட்டியால் ஒரு முழம் ஆழம் செதுக்கிப் பாருங்கள். மேலே ஒரு விரற்கடை பழுப்பு வண்டல், அதன் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, மறுபடி வண்டல், மறுபடி சாம்பல். ஒவ்வொரு சாம்பல் பட்டையும் மழையோடு இறங்கிய கல்மாவு. ஈரத்தில் கையில் எடுத்தால் சந்தனம் மாதிரிக் குழைகிறது. காய்ந்தபின் கடப்பாரைக்கு மட்டுமே உடைகிறது. அதன் மேல் தண்ணீர் ஓடும், கீழே இறங்காது. வரத்துக்கால் ஓரத்துக் கிணறுகள் மழை பெய்தும் ஊறாததற்கு இந்தப் பட்டை பல ஊர்களில் காரணமாக இருக்கிறது. அந்த வெட்டுமுகத்தைப் பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மனுவோடு இணைக்க இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

நிலக்கரியில் இன்னொரு கொடுமை உண்டு. கரியோடு இருக்கும் கந்தகக் கனிமம் காற்றும் தண்ணீரும் பட்டால் கந்தக அமிலமாகி ஓடையில் இறங்கும். மேகாலயாவின் லுகா ஆறு நிறம் மாறி மீன்கள் செத்து மிதந்தது இப்படித்தான். 2014 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அங்கே எலிவளைச் சுரங்கங்களுக்கு (ஆள் தவழ்ந்து போகும் குறுகிய சுரங்கங்கள்) தடை போட்டது. நம் கருங்கல்லில் அந்த அளவுக்கு அமிலப் பயம் இல்லை. ஆனால் வெடிமருந்திலிருந்து நைட்ரேட் கரைந்து வரும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்பது இந்தியத் தர நிர்ணய வரம்பு. குவாரிக்குக் கீழ்ப்பக்கக் கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிடலாம்.

"மூடியாச்சு" என்று எப்போது சொல்லலாம்?

லாரி நின்றுவிட்டால் மூடியாச்சு என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 8 அன்று ஒரு வழக்கில், சுரங்கப்பணி நின்ற பிறகு குத்தகைதாரர் அந்த நிலத்தையும் அவர் கெடுத்த பிற நிலத்தையும் புல் வளர்த்து, தீவனமும் செடிகொடியும் உயிரினங்களும் வாழத் தக்க நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதைச் சுரங்கக் குத்தகைகளில் நிபந்தனையாகச் சேர்க்கச் சொன்னது. சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதங்களில் அந்த வாசகம் இப்போது இடம்பெறுகிறது. அதோடு வேலி, சரிவைப் படிகளாக வெட்டுவது, மேல்மண்ணைத் திரும்பப் பரப்புவது என்று குவாரியின் சொந்தச் சுரங்கத் திட்டத்திலேயே மூடும் பகுதி ஒன்று இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அங்கே எழுதியிருப்பது குவாரிக்காரர் தாமாகக் கொடுத்த வாக்கு.

நிலக்கரிச் சட்டத்திலிருந்து நாம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

நான் மூன்று விஷயங்களைச் சொல்வேன்.

முதலாவது விலகல் தூரம். அமெரிக்க விதிப்படி, ஓடையிலிருந்து 100 அடிக்குள் நிலத்தைக் கலைக்கத் தனி அனுமதி வேண்டும். நம் ஊரில் குடியிருப்புக்கு 300 மீட்டர் என்ற தூரத்தை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். கால்வாய், நீர்த்தேக்கம் போன்றவற்றுக்கும் பொதுவாக 50 மீட்டர் விட வேண்டும் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. உங்கள் ஊர்க் குவாரியின் அனுமதி ஆணையில் ஓடைக்கு எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு நாடாவை எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள்.

இரண்டாவது வைப்புத்தொகை. அமெரிக்கச் சட்டப்படி மண் போட்டு மூடிச் சமன்செய்து வடிகால் அமைத்தால், கட்டிய பிணைத்தொகையில் 60 சதவீதம் வரை திரும்பக் கிடைக்கும். அடுத்த பங்கு செடி முளைத்த பிறகு. அப்போதும் அந்த நிலத்திலிருந்து ஓடைக்கு அளவுக்கு மீறி வண்டல் இறங்கினால் பணம் வராது. மீதி ஐந்து வருடம், மழை குறைந்த பகுதியில் பத்து வருடம் கழித்து. நம் நாட்டிலும் நிலக்கரிச் சுரங்கத்துக்கு மூடும் செலவைத் தனிக் கணக்கில் முன்கூட்டியே கட்ட வேண்டும். 2020 வழிகாட்டுதல்படி திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 9 லட்சம் ரூபாயை அடிப்படைத் தொகையாக வைத்தார்கள். ஊர்க்கோடிக் கல்குவாரிக்கு அந்த வலிமையில் ஒரு பிணை இல்லாததுதான் நம் குழிகள் திறந்தே கிடப்பதற்குப் பெரிய காரணம் என்பேன்.

மூன்றாவதுதான் எனக்கு மிகப் பெரிதாகப் படுகிறது. சுரங்கத்தால் ஒருவருடைய தண்ணீர் வற்றினாலோ கெட்டாலோ, அதற்கு ஈடான தண்ணீரைச் சுரங்கக்காரர் கொடுத்தாக வேண்டும். பணம் கொடுத்துக் கணக்குத் தீர்ப்பது வேறு, தண்ணீர் கொடுப்பது வேறு. இதை அந்த அமெரிக்கச் சட்டம் 1977லேயே புரிந்துகொண்டது. அந்தச் சட்டத்திலும் குறை உண்டு. ஓடைகளுக்குக் கூடுதல் பாதுகாப்புத் தரும் விதி ஒன்று 2016 டிசம்பரில் வந்து, 2017 பிப்ரவரியிலேயே அந்நாட்டு நாடாளுமன்றத்தால் நீக்கப்பட்டது.

தண்ணீர் உரிமை என்று நமக்கு எழுத்தில் எதுவும் இருக்கிறதா? எல்லாம் வாய்வழக்குத்தானே?

இருக்கிறது. ஜமீன் காலத்து வழக்கப்படி எந்தக் கண்மாய்க்கு எந்த ஓடையிலிருந்து வரத்து, எந்த மடைக்கு எவ்வளவு ஆயக்கட்டு (பாசன நிலம்), கலுங்கு எந்த மட்டம், யார் முதலில் பாய்ச்சுவது என்பதையெல்லாம் எழுதிய பதிவுக்கு மாமூல்நாமா என்று பெயர். 1948 எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு ஜமீன் கண்மாய்கள் அரசிடம் வந்தன. பாசன வழக்கம் தொடர்ந்தது. ஊர்ப் பெரியவர் வீட்டு டிரங்குப் பெட்டியிலோ, ஊராட்சி ஒன்றியத்திலோ, பொதுப்பணித் துறையிலிருந்து பிரிந்த நீர்வளத் துறையின் பிரிவு அலுவலகத்திலோ அதன் நகல் கிடைக்க வாய்ப்புண்டு. மடை திறந்து தண்ணீர் பங்கிடும் நீர்க்கட்டி வேலை பார்த்த குடும்பத்தாரிடம் முதலில் கேளுங்கள். எந்தக் கல்லில் தண்ணீர் தொட்டால் எந்த மடை திறக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் சொல்வதை எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

அடுத்தது வருவாய்த் துறையின் நில விவரப் பதிவேடான அ-பதிவேடும், நில அளவை வரைபடமான புலப்படமும். ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, கண்மாய் உள்வாய் எல்லாம் புல எண்ணோடு அதில் இருக்கும். 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையதளத்தில் புலப்படத்தைப் பார்க்கலாம். ஓடைப் புறம்போக்கு ஆக்கிரமிப்பை அகற்றுவது பற்றி எல். கிருஷ்ணன் வழக்கில் 2005இல் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, நீர்நிலை விஷயத்தில் இன்றும் மனுக்களில் எடுத்துக்காட்டப்படுகிறது. 2007 கண்மாய்ப் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டமும் இருக்கிறது.

புலப்படத்தில் இல்லாமல், பட்டா நிலத்தின் ஊடே காலங்காலமாகப் போகும் வரத்துக்காலும் உண்டு. அந்தப் பட்டா நிலத்தைக் குவாரிக்காரர் வாங்கிவிட்டால் "என் நிலம்" என்று மறிப்பார். 20 ஆண்டு தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையாக அனுபவித்த நீர்வழிக்கு 1882 வசதியுரிமைச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. அந்த 20 ஆண்டை நிரூபிக்கத்தான் பழைய தீர்வை ரசீதும், ஊரார் கூடிக் கண்மாயைச் செப்பனிட்ட குடிமராமத்துக் கணக்கும், பெரியவர்களின் வாக்குமூலமும் தேவைப்படும்.

என் கிணறு வற்றிப்போச்சு. குவாரிக்காரர் நஷ்டஈடு தருவாரா?

வருத்தத்தோடு சொல்கிறேன், இங்கே நம் சட்டம் மெலிந்து கிடக்கிறது. கரைகட்டி ஓடும் நீருக்கு உள்ள உரிமை பலமானது. பூமிக்குள் தெளிவான வழியில்லாமல் ஊறும் நீரை நிலத்துக்காரர் தம் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் அதே 1882 சட்டம் சொல்கிறது. ஆகவே "என் தண்ணீரை உறிஞ்சினார்" என்ற வாதம் தனியாக நிற்பது கஷ்டம். அனுமதித்த ஆழத்தைத் தாண்டித் தோண்டினார், நீர்மட்டத்தைத் தொட்டார், நிபந்தனையை மீறினார் என்று காட்டினால் நிற்கும். சுற்றுச்சூழல் அனுமதியில் எத்தனை மீட்டர் ஆழம் என்று கட்டாயம் இருக்கும், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எதை, எப்போது பதிவு செய்ய வேண்டும்?

குவாரி திறக்கும் முன். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். மூடும்போது முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவா என்று கேட்கிறோம். முன்பிருந்த நிலை எது என்று ஒரு தாளிலும் இல்லை என்றால் என்ன கேட்பது? அமெரிக்காவில் நிலக்கரி அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போதே ஓடையிலும் கிணறுகளிலும் பருவந்தோறும் எவ்வளவு நீர், எப்படிப்பட்ட நீர் என்று சுரங்கக்காரரே அளந்து கொடுக்க வேண்டும். நம் ஊரில் ஊர்தான் அந்தக் கணக்கை எழுத வேண்டியிருக்கிறது. செட்டிநாட்டிலிருந்து கொண்டுவிக்க (கடல் கடந்து தொழில் செய்ய) போனவர்கள் ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் ஐந்தொகை (இருப்புக் கணக்கு) போட்டு அனுப்பினார்கள். ஊர்த் தண்ணீருக்கும் வருடம் ஒருமுறை அப்படி ஓர் ஐந்தொகை வேண்டும்.

குவாரியைச் சுற்றியுள்ள கிணறுகளில் மாசியிலும் சித்திரையிலும் ஐப்பசி மழைக்குப் பிறகும் கயிறு விட்டு அளந்து, தேதியோடு எழுதுங்கள். கண்மாய் எந்த நாளில் மறுகால் போனது (நிறைந்து வழிந்தது), எத்தனை மடை மூழ்கியது, ஓடையில் முதல் வெள்ளம் எப்போது வந்தது என்று எழுதுங்கள். கலுங்குக் கல்லையும் வரத்துக்கால் வாயையும் ஒரே இடத்தில் நின்று வருடாவருடம் படமெடுங்கள். குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் ஊராட்சித் தலைவரும் கிராம நிர்வாக அலுவலரும் கையெழுத்திட்டால் அதன் மதிப்பே வேறு.

குவாரி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால்? இன்று தொடங்குங்கள். பழைய நிலைக்கு செயற்கைக்கோள் படங்கள் ஓரளவு உதவும். கூகுள் எர்த்தில் முந்தைய ஆண்டுப் படங்களைப் பின்னோக்கிப் பார்க்கலாம்.

"வரத்துக்காலை மாத்தி வெட்டித் தர்றோம்" என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

எளிதில் சம்மதிக்காதீர்கள். நெய்வேலிச் சுரங்கத்துக்காகப் பரவனாற்றை நிரந்தரமாகத் திருப்ப, 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலுக்குள் எந்திரங்கள் இறங்கியதைத் தமிழ்நாடே பார்த்தது. ஓடையைத் திருப்புவது காகிதத்தில் ஒரு கோடு. தரையில் அது பலருடைய வயல்.

நம் வரத்துக்கால்களின் வாட்டம் மிக மெல்லியது. மைல் தூரத்துக்குச் சில அடிகள்தான் இறக்கம். புது வாய்க்கால் ஓரிடத்தில் அரை அடி உயர்ந்துவிட்டால் தண்ணீர் அங்கேயே தேங்கிப் பின்னால் உடைத்துக்கொண்டு போகும். பழைய ஓடையில் நாணலும் தாழையும் வேர்பிடித்துக் கரையைக் காத்தன. புது வாய்க்காலில் வெறும் மண். தவிர்க்கவே முடியாத இடத்தில், நீர்வளத் துறைப் பொறியாளர் மட்டம் பார்த்துக் கையெழுத்திட்ட வரைபடம் வேண்டும். ஒரு மழைக்காலம் முழுக்கப் புது வாய்க்காலில் தண்ணீர் ஓடிக் கண்மாய்க்கு வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகே பழைய வழியைத் தொடலாம் என்று எழுதி வாங்குங்கள். புது வாய்க்காலும் புறம்போக்காகப் பதிவாக வேண்டும். இல்லையென்றால் அடுத்த கிரயத்தில் அது யாரோ ஒருவருடைய மனையாகிவிடும்.

குழியில் தண்ணீர் நிற்கிறதே, ஊருணியாக வைத்துக்கொள்ளலாமே?

சில குழிகளை வைத்துக்கொள்ளலாம். 2017 வறட்சியில் சென்னைக்குச் சிக்கராயபுரம் கல்குவாரித் தண்ணீரைச் சுத்திகரித்துக் கொடுத்தார்கள். ஆனால் ஊருணி வேறு, குழி வேறு. நம் முன்னோர் வெட்டிய ஊருணியில் செம்புராங்கல் படி உண்டு, வரத்து வாய் உண்டு, மிஞ்சினால் போக வழி உண்டு. கல்குவாரி நெட்டுக்குத்தாக இறங்கும். தவறி விழுந்தால் ஏற ஒரு பிடி இருக்காது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் குளிக்கப் போய் இறப்பது ஒவ்வொரு கோடையிலும் செய்தியாக வருகிறது. பாறைச் சரிவும் லேசுப்பட்டதல்ல. 2025 மே மாதம் சிங்கம்புணரி வட்டம் மல்லாக்கோட்டைக் குவாரியில் பாறை சரிந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

தண்ணீர்க் குழியாக விட வேண்டுமென்றால், ஒரு பக்கமாவது சரிவு குறைத்துப் படி வெட்டி, சுற்றிலும் வேலி போட்டு, நீரைச் சோதித்த பிறகு விடலாம். முக்கியமாக, கண்மாய்க்குப் போக வேண்டிய ஓடையைக் குழிக்குள் திருப்பி நிரப்பக் கூடாது. கண்மாய் நிறைந்து மறுகால் போகும் தண்ணீரை வேண்டுமானால் விடலாம்.

குப்பை கொட்டி மூடிவிடலாமா?

கூடவே கூடாது. வெடிவைத்த பாறையில் விரிசல் இருக்கும். குப்பைச் சாறு அதன் வழியே கிணற்றுக்குப் போகும். சம்பை ஊற்றுத் தண்ணீரைப் பெருமையாகச் சொல்லும் காரைக்குடிக்காரர்களுக்கு நிலத்தடி நீர் கெட்டால் என்ன இழப்பு என்று விளக்க வேண்டியதில்லை.

குவாரியில் எங்க பசங்க வேலை பார்க்குறாங்க. எதிர்த்தா பிழைப்பு போகாதா?

நியாயமான கவலை. குவாரியே வேண்டாம் என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. மூடும் வேலையும் வேலைதான்: மண் பரப்ப, படி வெட்ட, கன்று நட, வேலி போட ஆள் வேண்டும். அதை ஊர் ஆட்களுக்கே கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம். மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி ஒன்று இருக்கிறது. 2015 சட்டத் திருத்தத்தில் வந்தது. சுரங்கத்தால் பாதித்த ஊர்களின் குடிநீருக்கும் சுற்றுச்சூழலுக்கும் முன்னுரிமை கொடுத்துச் செலவழிக்க வேண்டிய பணம் அது. வரத்துக்கால் தூர்வார அந்த நிதியைக் கேட்டு ஆட்சியரிடம் மனு கொடுங்கள்.

யாரிடம் போவது, எத்தனை நாளுக்குள்?

முதல் மனு மாவட்ட ஆட்சியருக்கு. நகல் கனிமவளத் துறை உதவி இயக்குநருக்கும் நீர்வளத் துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும். திங்கட்கிழமைக் குறைதீர் நாளிலும் கொடுக்கலாம், விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் எழுப்பலாம். ரசீது எண் இல்லாமல் திரும்பாதீர்கள். ஆவணங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதங்கள் ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் கிடைக்கின்றன. நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றினார் என்று குவாரிக்காரர் ஜூன் 1, டிசம்பர் 1 என ஆண்டுக்கு இருமுறை அறிக்கை தர வேண்டும். அதையும் கேளுங்கள், அறிக்கையே கொடுக்கவில்லை என்றால் அதுவே ஒரு மீறல்.

பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. அனுமதியையே எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள்; தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள். சுற்றுச்சூழல் தகராறுக்குப் பாதிப்பு தொடங்கியதிலிருந்து 6 மாதம். நஷ்டஈட்டுக்கும் நிலத்தைச் சீர்படுத்தக் கேட்பதற்கும் 5 ஆண்டு. இந்த நாள் கணக்கைத் தவறவிட்டுத்தான் நல்ல வழக்குகள் பல வாசலிலேயே நின்றுபோகின்றன. ரிட் மனு என்றால் சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டத்துக்கும் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை.

கிராம சபையில் என்ன தீர்மானம் போடுவது? மாதிரி கிடைக்குமா?

மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் கிராம சபை இதற்குப் பொருத்தமானது. மற்றக் கிராம சபைகளிலும் போடலாம். "கண்டிக்கிறோம்" என்று மட்டும் எழுதினால் கோப்பில் தூங்கும். புல எண் வேண்டும், கேட்கும் செயல் வேண்டும், நாள் வேண்டும். இந்த வாசகத்தை உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

"எங்கள் வருவாய்க் கிராமத்தின் புல எண் ....இல் இயங்கிவந்த குவாரியின் குத்தகை ....ஆம் தேதி முடிகிறது. புல எண் ....இல் உள்ள ஓடைப் புறம்போக்கு வழியாக .... கண்மாய்க்கு வரத்து வருவது மாமூல்நாமாவிலும் புலப்படத்திலும் உள்ளது (நகல் இணைப்பு). எனவே குத்தகை முடிவுச் சான்று வழங்கும் முன், (1) நில அளவையர் ஓடையை அளந்து எல்லைக்கல் நட வேண்டும். (2) ஓடையிலும் வரத்துக்காலிலும் படிந்த கல்தூசியையும் மண்ணையும் குவாரிதாரர் தம் செலவில் அடிமட்டம் வரை அகற்ற வேண்டும். (3) மண்மேட்டுக்குக் கீழே வண்டல் பிடிக்கும் குட்டை வெட்டி, மேட்டில் புல்லும் மரக்கன்றும் வளர்க்க வேண்டும். (4) இணைப்பில் கண்ட கிணறுகளின் நீர்மட்டத்தையும் தரத்தையும் கூட்டாக ஆய்வு செய்து, பாதித்த கிணறுகளுக்கு மாற்று நீர் ஏற்பாடு செய்ய வேண்டும். (5) இவை முடிந்தபின் ஒரு வடகிழக்குப் பருவமழை கடந்து, கண்மாய்க்கு வரத்து தடையின்றி வந்ததை நீர்வளத் துறையும் கிராம சபை நியமிக்கும் ஆயக்கட்டுதாரர் குழுவும் நேரில் பார்த்துச் சான்றளித்த பிறகே வைப்புத்தொகையை விடுவிக்க வேண்டும் என்று இக்கிராம சபை தீர்மானிக்கிறது."

தீர்மானப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தை ஊராட்சிச் செயலரிடம் சான்றிட்ட நகலாக அன்றைக்கே வாங்கிக்கொண்டு, அடுத்த திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள்.